நிகழ்படத் தொகுப்பு மென்பொருள்களின் ஒப்பீடு

நிகழ்படத் தொகுப்பு மென்பொருள் என்பது, ஒளிப்பதிவுக் கருவியில் பதிவான நிகழ்படத் துண்டுகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலியும் எழுத்தும் சேர்த்து ஒரு முழுப் படமாக ஆக்க உதவும் கணினி மென்பொருள் ஆகும். ஆவிட் மீடியா கம்போசர், அடோபி பிரீமியர், பைனல் கட் புரோ, எடியஸ், வேகாஸ், டாவின்சி ரிசால்வ் ஆகியன வணிக நிறுவனங்கள் வெளியிடுபவை. கேடென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் முதலியன கட்டற்ற மென்பொருள்கள். இவற்றின் வசதிப் பட்டியல்கள் இன்று ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. வேலையின் நடுவே நின்றுவிடாத நிலைத்தன்மையிலும், கற்கவும் கையாளவும் உள்ள எளிமையிலும்தான் இவை பெரிதும் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டின் கனத்தை அறியத் திரைப்படத் துறையைவிடத் திருமண நிகழ்படத் தொழிலைப் பார்ப்பதே பொருத்தம். தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நீளும் சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, ஓரிரு கணினிகளுடன் இயங்கும் சிறு நிலையங்களே இத்தொழிலைச் செய்கின்றன. திரைப்படக் காட்சி கெட்டால் மீண்டும் எடுக்கலாம். தாலி கட்டும் கணத்தை மீண்டும் எடுக்க இயலாது. பதிவட்டையை அடுத்த முகூர்த்தத்திற்காக அழித்துவிட்ட பின் கணினியில் உள்ளதே எஞ்சிய ஒரே படியாகிவிடுகிறது.

வரலாறு

காந்த நாடாவில் தொகுத்த காலத்தில் ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றிற்குக் காட்சிகளை வரிசையாகப் படியெடுத்தனர். நடுவில் ஒரு காட்சியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமெனில், அவ்விடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 1989இல் ஆவிட் நிறுவனம் மெக்கின்டோசுக் கணினிக்காக வெளியிட்ட தொகுப்பு முறைமை இந்நிலையை மாற்றியது. கமல்ஹாசன் நடித்து 1994 பொங்கலுக்கு வெளியான மகாநதி, ஆவிட் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது.

அடோபி பிரீமியர் 1991இலும், பைனல் கட் புரோ 1999இலும் வெளிவந்தன. இவ்விரண்டின் தொடக்க உருவாக்கத்திலும் ராண்டி உபில்லோஸ் என்ற நிரலாளரின் பங்கு முதன்மையானது. சப்பானின் கனோபஸ் நிறுவனம் 2003இல் எடியசை வெளியிட்டது. அது பின்னர் கிராஸ் வேலி நிறுவனத்தின் வசமாயிற்று. இந்தியத் திருமண நிகழ்படத் தொழிலில் மிகப் பரவலாக வேரூன்றிய மென்பொருள்களுள் எடியசும் ஒன்று.

நிலைத்தன்மை

‘இம்மென்பொருள் அடிக்கடி நின்றுவிடுகிறது’ என்ற குறை எல்லா மென்பொருள்களைப் பற்றியும் கூறப்படுவதுண்டு. பல வேளைகளில் அதன் காரணம் மென்பொருளில் அன்றி, அதற்குக் கொடுக்கப்படும் கோப்பில் இருக்கிறது. மினிடிவி நாடாவிலிருந்து கணினிக்கு வந்த நிகழ்படம் மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டு இடம் பிடித்தது. ஆயினும், அதில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே முழுமையாகச் சேமிக்கப்பட்டதால் எந்த இடத்தில் வெட்டினாலும் கணினிக்குச் சுமை இல்லை. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையில், பெரும்பாலான சட்டகங்கள் அண்மைச் சட்டகங்களிலிருந்து தாம் வேறுபடும் அளவை மட்டுமே சேமிக்கின்றன. கோப்பு சிறியதாகிறது, ஆனால் ஒரு சட்டகத்தைக் காட்டுவதற்குப் பல சட்டகங்களைக் கணினி விரித்தாக வேண்டும். மூன்று ஒளிப்படக்கருவிகளின் கோப்புகளை மூன்று தடங்களில் ஒருசேர ஓடவிட்டால் எளிய கணினி திணறுவது இயல்பே. பழைய நாடாப் பதிவை ஒரு மென்பொருளிலும் கைப்பேசிப் பதிவை மற்றொன்றிலும் இட்டுப் பார்த்துத் தீர்ப்புக் கூறுபவர், உண்மையில் கோப்புகளையே ஒப்பிடுகிறார்.

இதனாலேயே தொகுப்பிற்கென இடைநிலைக் குறிமுறைகள் உருவாயின. ஆவிடின் டிஎன்எக்ஸ்எச்டி, ஆப்பிளின் புரோரெஸ், கனோபஸ் எச்கியூ ஆகியன அத்தகையவை. மூலக் கோப்பை முதலில் இவற்றுள் ஒன்றாக மாற்றிக்கொண்டால் வன்தட்டில் இடம் கூடுதலாகச் செலவாகும். செயலிழப்பு வெகுவாகக் குறையும். மாறாக, சிறிய பதிலிக் கோப்புகளை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலத்துடன் இணைக்கும் முறையும் உண்டு.

வன்பொருளைச் சார்ந்திருக்கும் விதத்திலும் வேறுபாடு உள்ளது. எடியஸ் நெடுங்காலமாக மையச் செயலியையே பெரிதும் நம்பியிருந்தது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியிலும் பலவகைக் கோப்புகளை ஒரே காலக்கோட்டில் ஓட்டியதே சிறு நிலையங்களில் அதற்குக் கிடைத்த வரவேற்பின் காரணம் எனலாம். டாவின்சி ரிசால்வ் இதற்கு நேர்மாறானது. நிறத்திருத்தக் கருவியாகப் பிறந்த அது வரைகலை அட்டையின் நினைவகத்தையே சார்ந்துள்ளது. அந்நினைவகம் போதாதபோது வேலை நின்றுவிடும். அதன் இலவசப் பதிப்பு தாராளமானதுதான். எனினும், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்றவை போன்ற எளிய கணினிகளில் அத்தாராளத்தால் பயன் இல்லை. லினக்சில் அவ்விலவசப் பதிப்பு எச்.264 கோப்புகளைத் திறப்பதில்லை என்பதும் அறியத்தக்கது.

32-பிட்டு மென்பொருள்கள் பயன்படுத்தக்கூடிய நினைவகத்திற்கு வரம்பு இருந்தது. வின்டோசில் அது பொதுவாக 2 கிகாபைட்டு. நீண்ட படங்களின் இறுதிக் கட்டத்தில், குறிப்பாக ரெண்டர் செய்யும்போது, மென்பொருள் நின்றுபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரீமியர் 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பிலிருந்து 64-பிட்டு இயங்குதளங்களில் மட்டுமே இயங்கலாயிற்று. அக்குறை பெருமளவு நீங்கியது.

நின்றுபோவதைத் தடுப்பது ஒருபுறமிருக்க, நின்றபின் என்ன எஞ்சுகிறது என்பதும் நிலைத்தன்மையின் கூறே. 2012இல் மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது சென்னை நகரில் நாளொன்றுக்கு 2 மணிநேரமும், நகர எல்லைக்கு வெளியே அதைவிட மிகக் கூடுதலாகவும் மின்வெட்டு இருந்தது. கூடுவாஞ்சேரி அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. இத்தகைய இடத்தில் தடையில்லா மின்வழங்கியும் தானாகச் சேமிக்கும் வசதியும் ஒப்பீட்டில் முதலிடம் பெறுகின்றன. பைனல் கட் புரோவின் 2011க்குப் பிந்தைய பதிப்புகளில் சேமிக்கும் கட்டளையே இல்லை. ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் தரவுத்தளத்தில் பதிவாகிறது. ஆவிட் ஒரு திட்டத்தைப் பல சிறு கோப்புகளாகப் பிரித்து வைத்து, அவற்றின் முந்தைய படிகளையும் தனி உறையில் காக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றவை பிழைக்கும். கேடென்லைவ் செயலிழத்தலுக்குப் பெயர்பெற்றிருந்தது உண்மை. அதன் உட்கரு திருத்தி எழுதப்பட்டு 2019 ஏப்ரலில் வெளியானது. அதன் திட்டக்கோப்பு எளிய எக்ஸ்எம்எல் உரை ஆதலின், கெட்டுப்போனாலும் உரைத்தொகுப்பியில் திறந்து பழுதுபார்க்க இயலும். இவ்வசதியைப் பற்றி ஒப்பீட்டு அட்டவணைகளில் காண்பது அரிது.

மூன்றாவதாக, மென்பொருளே நிலைத்திருக்குமா என்ற வினா உள்ளது. 2011 சூனில் ஆப்பிள் முற்றிலும் புதிய பைனல் கட் புரோ எக்சை வெளியிட்டு, பழைய 7ஆம் பதிப்பின் விற்பனையை நிறுத்தியது. பழைய திட்டங்களைப் புதியது திறக்கவில்லை. பல ஒளிப்படக்கருவிகளின் பதிவை ஒருங்கே தொகுக்கும் வசதியும் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தது. தொழில்முறைத் தொகுப்பாளர் பலர் ஆவிடிற்கோ பிரீமியருக்கோ மாறினர். சிலர் மாற மறுத்தனர். 2019இல் வெளியாகி ஆசுக்கார் விருது பெற்ற தென்கொரியத் திரைப்படமான பாரசைட், அந்தப் பழைய 7ஆம் பதிப்பிலேயே தொகுக்கப்பட்டது. மைக்ரோசாப்டின் மூவி மேக்கர் 2017 சனவரியில் கைவிடப்பட்டது. கைப்பேசித் தொகுப்புச் செயலியான விவாவீடியோ, 2020 சூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் ஒன்று. கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரல் எவரிடமும் இருக்கலாம் என்பதால், இவ்வகை முடிவு அவற்றுக்கு எளிதில் நேர்வதில்லை.

பயன்பாட்டு எளிமை

எளிமை என்பது முதல் நாளுக்கு ஒன்று, நூறாம் நாளுக்கு வேறொன்று. மூவி மேக்கரில் அரைமணியில் ஒரு சிறுபடம் செய்யலாம்; ஆனால் அது நிகழ்படத்திற்கு ஒரே தடத்தை மட்டும் தந்ததால் விரைவில் சுவரில் முட்டும் நிலை வரும். ஆவிட் தொடக்கத்தில் மிரட்டும். அதன் பயன் விசைப்பலகையில் உள்ளது: பின்னோக்கி ஓட்ட, நிறுத்த, முன்னோக்கி ஓட்ட என அடுத்தடுத்த மூன்று விசைகளைக் கை பழகிக்கொண்டால் சுட்டியைத் தேடவேண்டியதில்லை. இம்மூன்று விசைகள் இன்று ஏறத்தாழ எல்லா மென்பொருள்களிலும் செயல்படுகின்றன. முதலில் கற்கவேண்டியது இவையே. பைனல் கட் புரோ எக்சில் ஒரு துண்டை நீக்கினால் அடுத்தது தானே நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். புதியவருக்கு இது வசதி, பழையவருக்கு எரிச்சல். வேகாஸ் ஒலித்தொகுப்பு மென்பொருளாகத் தொடங்கியதால், பாட்டுக்கு ஏற்பக் காட்சியை வெட்டுவோர் அதை விரும்பினர்.

புதியவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் திட்டத்தின் தொடக்க அமைப்பே. இந்தியாவில் பால் முறைப்படி நொடிக்கு 25 சட்டகங்கள் வழக்கம். மென்பொருளின் முன்னிருப்பு அமெரிக்க முறையில் 29.97 ஆக இருந்து, அதைக் கவனியாது தொடங்கினால் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும். கைப்பேசிகள் சட்டக வேகத்தைத் தாமே கூட்டிக் குறைத்துப் பதிவுசெய்வதால், நீண்ட பேச்சுகளில் உதட்டசைவும் ஒலியும் மெல்ல விலகிப்போவதும் உண்டு.

அட்டவணையில் அடங்காத எளிமை ஒன்றும் உள்ளது. பக்கத்து நிலையத்தில் எந்த மென்பொருள் உள்ளதோ அதுவே எளிய மென்பொருள். ஐயம் எழும்போது கேட்க ஆள் இருக்கிறது. பிரீமியரும் எடியசும் பரவியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ் எழுத்துகள்

ஆங்கில ஒப்பீடுகள் தொடாத சிக்கல் இது. ஒருங்குறியில் ‘செ’ என்பது சகர மெய்க்குறியீட்டின் பின் எகரக் கொம்பு வருமாறு சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். முற்காலப் பிரீமியர் போன்றவற்றில் தலைப்பெழுதும் கருவி இதைச் செய்யவில்லை. மணமகள் பெயர் செல்வி எனில் கொம்பு இடம்மாறி நிற்கும். எனவே தொகுப்பாளர்கள், எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கும் பாமினி, டாம், டாப் முதலிய பழைய குறியேற்ற எழுத்துருக்களை நாடினர். அதற்கும் ஒரு விலை இருந்தது. மின்னஞ்சலில் வந்த அழைப்பிதழ் வரிகளை நேரடியாக ஒட்ட முடியாது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பழைய திட்டத்தைத் திறந்தால் பெயர்கள் பொருளற்ற உரோம எழுத்துகளாகத் தோன்றும்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. மென்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் அதனுடன் இணங்கின. கேடென்லைவ், கியூட்டி என்ற நிரலகத்தின் மேல் கட்டப்பட்டதால் தலைப்புகளில் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. இவ்வொன்றில் வணிக மென்பொருள்களுக்கு அது முன்னோடி. பிரீமியரின் பிற்காலப் பதிப்புகளில், வரைகலை விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான பொறியைத் தெரிவுசெய்த பின்னரே தமிழ் சரியாக அமையும். முன்னிருப்பில் அவ்வாறு இல்லாததால் பலர் மென்பொருளுக்குத் தமிழே தெரியாது என எண்ணிவிடுகின்றனர். எந்த மென்பொருளும் ஒத்துவராதபோது, இங்க்ஸ்கேப்பிலோ கிம்ப்பிலோ பெயரை எழுதி, பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி படிமமாக்கிக் காலக்கோட்டில் இடுவது வழக்கம். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் படிமத்தை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதால், மணவீட்டாரிடம் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.