மக்காவில் நாற்பது நாள்: வண்டிக்கூலிக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?



ஹஜ் கமிட்டி வழியாகப் போகும் ஹாஜிகளுக்கு முன்பெல்லாம் புறப்படும்போது கையில் 2,100 ரியால் கொடுப்பார்கள். அந்தத் தொகையும் நாம் கட்டிய பணத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் அங்கே போய் இறங்கியதும் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை இருக்காது. 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து அந்த ஏற்பாடு நின்றுவிட்டது. இப்போது அவரவர் தேவைக்கு அவரவரே ரியால் வாங்கிக்கொள்ள வேண்டும். நமது தோவாளை வட்டாரத்தில் இன்றும் பழைய ஹாஜிமார் "அங்கே போனால் பணம் தருவார்கள்" என்று சொல்லக் கேட்கலாம். அதை நம்பி இருந்துவிட வேண்டாம். உணவுச் செலவை எல்லோரும் ஓரளவு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு நிம்மதி. பெரிய பயணங்களுக்கு நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து தங்குமிடம், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 450 கிலோமீட்டர், ஹஜ் நாட்களில் மினா, அரஃபா, முஸ்தலிஃபா போய்வருவது எல்லாம் கமிட்டியில் கட்டிய தொகையிலேயே அடக்கம். புனிதத் தலங்களுக்கிடையே 2010 முதல் ஓடும் மஷாஇர் ரயிலும் அப்படித்தான். உங்கள் கூடாரம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒதுக்கப்பட்டால் ரயில், இல்லையென்றால் பஸ். அது நம் கையில் இல்லை. அதற்காக அங்கே யாரிடமும் தனியாகப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கப் போக வேண்டாம்.

பணம் கரைவது தினசரிப் போக்குவரத்தில்தான். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு மக்காவில் தங்குமிடம் அஸீஸிய்யாவில் கிடைக்கிறது. அங்கிருந்து ஹரம் ஷரீஃப் சில கிலோமீட்டர் தூரம். கமிட்டி ஏற்பாடு செய்த பஸ் இரவு பகலாக ஓடும், கட்டணம் கிடையாது. சில வழித்தடங்களில் இடையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியிருக்கும். சிக்கல் பஸ் இல்லாததால் வருவதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்ப்பதால் வருகிறது. இஷா தொழுகை முடிந்த உடனேயும் ஜும்ஆவுக்குப் பிறகும் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். அந்த நேரத்தில் முட்டுவலிக்காரர் நிற்க முடியாமல் டாக்சியைக் கைகாட்டுகிறார். டாக்சிக்காரருக்கும் அது தெரியும். காலையில் கேட்டதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார். இதற்கு மருந்து பொறுமைதான். தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்து, குர்ஆன் ஓதிவிட்டு வெளியே வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து வரலாம். ஜும்ஆவுக்கு அஸர் வரை இருந்துவிடுவதே மேல்.

எந்த டாக்சியானாலும் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். அது ஆளுக்கா, வண்டிக்கா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் இறங்கும்போது சண்டை வருகிறது. ஊபர், கரீம் போன்ற செயலிகளில் தொகை முன்கூட்டியே தெரியும். கூட வரும் இளையவர் யாராவது அதை வைத்திருந்தால் நல்லது.

நகரப் பேருந்தும் உண்டு. 'மக்கா பஸ்' என்ற பெயரில் 2022இல் இலவசமாகத் தொடங்கி, 2023 நவம்பர் முதல் ஒரு பயணத்துக்கு 4 ரியால் என்று ஆக்கினார்கள். டிக்கெட்டை இயந்திரத்திலோ செயலியிலோ எடுக்க வேண்டும். தன்ஈம் (ஆயிஷா பள்ளி) போய் இஹ்ராம் கட்டி வர நினைப்பவர்களுக்குப் பொதுப் பேருந்துதான் சிக்கனம். ஹரமிலிருந்து அது ஏழெட்டுக் கிலோமீட்டர்.

இனி முக்கியமான விஷயம். ஹஜ் நாட்களை ஒட்டி முன்னும் பின்னும் சில தினங்கள் அஸீஸிய்யா பஸ் ஓடாது. சாலைகள் மினாவுக்குப் போகும் கூட்டத்துக்காகத் திருப்பிவிடப்படும். பையிலுள்ள ரியால் இந்தத் தினங்களில்தான் காலியாகும். அந்த நாட்களில் ஒவ்வொரு வக்துக்கும் ஹரமுக்கே போயாக வேண்டும் என்று டாக்சி பிடித்தால் நாற்பது நாள் கணக்கும் ஒரு வாரத்தில் கவிழ்ந்துவிடும். தங்குமிடத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் தொழுதுகொண்டு உடம்பைத் தேற்றி வைத்துக்கொள்வதே அறிவு. அஸீஸிய்யாவும் ஹரம் எல்லைக்குள்தான் இருக்கிறது. எல்லைக்குள் எங்கு தொழுதாலும் அந்தச் சிறப்பு உண்டு என்று சொன்ன அறிஞர்கள் பலர். உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

அடுத்தது தவாஃபுல் இஃபாளா. பிறை பத்தில் கல்லெறிந்துவிட்டு மினாவிலிருந்து ஹரம் போக வேண்டும். சுரங்கப் பாதை வழியாக நடந்தால் நான்கைந்து கிலோமீட்டர். வண்டி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சொன்னதுதான் விலை. இங்கே மார்க்கச் சட்டம் தெரிந்திருந்தால் பணமும் மிச்சம், உடம்பும் மிச்சம். ஹனஃபி மத்ஹபில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று நாட்களுக்குள் அதை முடிப்பது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குக் கடைசிக் காலவரை இல்லை. தாமதிப்பது சிறப்பல்ல, ஆனால் செல்லும். நம் மாவட்டத்தில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். ஹனஃபிகள் பன்னிரண்டாம் நாள் சூரியன் மறைவதற்குள் முடியும்படி திட்டமிடலாம். ஷாஃபிஈ முதியவர்கள், கூட்டம் வடிந்து பஸ் திரும்ப ஓடத் தொடங்கும் வரைகூடக் காத்திருக்கலாம். அதுவரை தாம்பத்திய உறவுக்குரிய தடை நீங்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பத்தாம் நாளே முடித்தாக வேண்டும் என்று எண்பது வயதுத் தாயாரைப் பைக்கின் பின்னால் உட்கார்த்தி வைக்கும் அவசரம் யாருக்கும் வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் நடந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிய ஆண்டு அது. இறந்தவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள், நிழலோ தங்குமிடமோ இன்றி நேரடி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. அனுமதி இல்லாதவருக்கு அரசு பஸ்ஸில் இடமில்லை, கூடாரத்தில் இடமில்லை. மினாவிலிருந்து அரஃபா பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். "விசிட் விசாவில் பாதிச் செலவில் ஹஜ்" என்று ஆசை காட்டுகிறவர்கள் மிச்சப்படுத்தித் தருவது பெரும்பாலும் இந்தப் பஸ்ஸையும் கூடாரத்தையும்தான். வயதான பெற்றோரை அனுப்புகிறவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். முறையாகப் போகிறவர்களும் நுஸுக் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக் கூடாது. வழியில் எங்கு தடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். அறுபதைக் கடந்த ஒரு கணவன் மனைவி, மக்காவில் முப்பது நாள், மதீனாவில் எட்டு, ஒன்பது நாள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் தொகைகள் எடுத்து வைப்பதற்கான மதிப்பு மட்டுமே, அங்குள்ள கட்டணப் பட்டியல் அல்ல. உடம்பு முடியாத நாட்களுக்குப் பத்து டாக்சிப் பயணம், ஒன்றுக்கு 25 ரியால் வைத்தால் 250. இஃபாளாவுக்குப் போய்வர 200. தன்ஈமுக்கு இரண்டு முறை இருவரும் பஸ்ஸில் போய்வர 32, அதை 40 என்று வைப்போம். இரு நகரங்களிலும் ஸியாரத் இடங்களைப் பார்க்க வேன் பங்கு 100. குபாவுக்கு 40. தவாஃபிலோ ஸஃயிலோ தள்ளுவண்டி தேவைப்பட்டால் 300. வழி தவறியோ ஆஸ்பத்திரிக்கோ அலைய 100. ஆக 1,030 ரியால். ஒரு ரியாலை 25 ரூபாய் என்று வைத்தால் 25,750 ரூபாய். ரியாலின் மதிப்பு 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. எனவே செய்தியில் டாலர் ஏறினால் ரியாலும் ஏறியது என்று அறிந்து கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தைச் சாப்பாட்டுப் பணத்தோடு கலக்காமல் தனி உறையில் வைக்க வேண்டும். இஃபாளாவுக்கான 200ஐயும் தள்ளுவண்டிக்கான 300ஐயும் துல்ஹஜ் பத்து வரை தொடக் கூடாது. கணவனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி வெறுங்கையோடு நடப்பது நம் ஊர் வழக்கம். அங்கே கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பஸ் எது என்று தெரியாமல், டாக்சிக்கும் பணமில்லாமல் நிற்க வேண்டிவரும். பெண்கள் ஒவ்வொருவர் பையிலும் 50 ரியாலாவது சில்லறை நோட்டாக இருக்கட்டும். கூடவே கட்டட எண், பஸ் எண், குழுப் பொறுப்பாளர் கைபேசி எண் மூன்றையும் அரபியில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும்.

மதீனாவில் அவ்வளவு கவலை இல்லை. தங்குமிடம் பெரும்பாலும் நபவிப் பள்ளிக்கு நடக்கும் தூரத்திலேயே அமையும். குபா மூன்றரைக் கிலோமீட்டர்தான், நடைபாதையும் நன்றாக இருக்கிறது. காலுக்குத் தெம்பிருந்தால் ஃபஜ்ருக்குப் பிறகு நடந்தே போகலாம்.

தனியாக உம்ரா போகிறவர்கள் 2018இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். மக்காவிலிருந்து மதீனாவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், சொகுசுதான். ஆனால் மக்கா நிலையம் ருஸைஃபாவில் இருக்கிறது, ஹரமுக்குப் பக்கத்தில் இல்லை. இரண்டு முனையிலும் டாக்சிச் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கடைசியாக ஊர்ச் செலவு. நமக்குப் புறப்படும் இடம் சென்னை, எழுநூறு கிலோமீட்டர். ஹாஜிகள் இரண்டு பேர், வழியனுப்ப இரண்டு வேன் என்று போனால் மக்காவில் நாற்பது நாள் ஆகும் வண்டிக்கூலி இங்கேயே ஆகிவிடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விமானத் தேதி தெரிந்த அன்றே நாகர்கோவிலிலிருந்து இரண்டு ஹாஜிகளுக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள். திரும்பி வரும் தேதிக்கும் அப்படியே. மற்றவர்கள் நம் பள்ளிவாசல் முற்றத்திலேயே ஸலாம் சொல்லி, துஆ கேட்டு அனுப்பி வைக்கலாம்.