ஆப்ரேஷன் செய்த நாயின் இரத்தம் என்ன சொல்லும்?

நம் தோட்டங்களில் நாய் குரைக்காத லயம் அபூர்வம். விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிறவர்கள் வீட்டை நாயை நம்பித்தானே விட்டுப் போகிறோம்! குட்டிகள் பெருகித் தொல்லையாகக் கூடாதென்று பெட்டை நாயைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கருத்தடை ஆப்ரேஷன் செய்து வருபவர்களும் உண்டு. நல்ல காரியம். அப்படிப் போய் வந்த ஓர் அம்மா கேட்டார்: “வயித்த வெட்டி கர்ப்பப்பைய எடுத்தாச்சு, சரி. அதுக்கப்புறமும் எதுக்குங்க ரத்தம் எடுக்குறாங்க? காசு புடுங்கவா?”

காசு ஆகும்தான். ஆனால் அந்த இரத்தத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

பால்மரத்தில் கத்தி பட்டதும் என்ன நடக்கிறது? பால் வடிகிறது, பிறகு கோட்டிலேயே உறைந்து வெட்டை மூடிக்கொள்கிறது. உடம்பும் அப்படித்தான். வெட்டுப்பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். இது நோயல்ல, உடம்பு தன்னைத்தானே பழுது பார்க்கும் வேலை. வெளித்தையலைச் சுற்றி நடப்பதை நாம் கண்ணால் பார்க்கலாம். கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டு இரத்தக் குழாய்களை நூலால் கட்டியிருப்பார்களே, அந்த உள்ளிடத்தை யார் பார்ப்பது?

அதற்குத்தான் இரத்தம். காயம்பட்ட இடத்திலிருந்து ஈரலுக்குச் சேதி போகிறது. ஈரல் உடனே சில புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. நாய்க்கு முக்கியமானது சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி. ஆஸ்பத்திரியில் நமக்கும் இதைப் பார்க்கிறார்கள். 1930-இல் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் மருத்துவமனையில் நிமோனியாக் காய்ச்சல்காரர்களின் இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். (பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: பூனைக்கு இந்தப் புரதம் உதவாது. அதற்கு அமிலாய்டு-ஏ என்ற வேறொன்றைப் பார்ப்பார்கள்.)

சுகமாயிருக்கும் நாய்க்கு சி.ஆர்.பி. மிகக் குறைவு. பெரும்பாலும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். கத்தி வைத்த சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். 24 மணியிலிருந்து 48 மணிக்குள் உச்சத்துக்குப் போகும். பழைய அளவைப்போல் பல மடங்கு. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏறாவிட்டால்தான் ஆச்சரியம். பிறகு இறங்க வேண்டும். நாலைந்து நாளில் நன்றாகக் குறைந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ, உள்ளே எங்கோ கிருமி பிடித்திருக்கலாம். மருத்துவர் தேடுவது அதைத்தான்.

வெள்ளையணுக்களையும் எண்ணுவார்கள். ஆனால் அவை பயத்தாலும், ஸ்டீராய்டு ஊசியாலும்கூடக் கூடிவிடும். ஹாப்டோகுளோபின் என்ற புரதமும் உண்டு. நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும், அதுவும் ஸ்டீராய்டுக்கு ஏமாறும். ஆகையால் நாய்க்கு சி.ஆர்.பி.யே தெளிவான சாட்சி.

நான் அறிந்த ஒரு லயத்தில் எட்டு வயதுப் பெட்டை நாய். கருப்பையில் சீழ் கட்டிவிட்டது. கருத்தடை செய்யாத வயதான நாய்களுக்கு, வெப்பம் வந்துபோன சில வாரங்களில் வரும் நோய் இது. ஓயாமல் தண்ணீர் குடிக்கும். சிலவற்றுக்குப் பின்பக்கம் சீழ் வடியும். அவசரமாக ஆப்ரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கியிருந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கஞ்சியைத் தொடவில்லை. “ஆப்ரேஷன் பண்ண ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள் பக்கத்து வீட்டில். வீட்டுக்காரருக்கு மனம் கேட்கவில்லை. வேலைக்குப் போகாமல் வேன் பிடித்துக் கொண்டுபோனார். எண் மறுபடி ஏறியிருந்தது. உள்ளே கட்டிய நூலைச் சுற்றிச் சீழ்! இன்னொரு தடவை வயிற்றைத் திறந்தார்கள். நாய் பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமென்று இருந்திருந்தால் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லா நாய்க்கும் தினமும் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. இளம் நாய்க்குச் சாதாரணக் கருத்தடை என்றால் எடுக்காமலே விடுவதும் உண்டு. அப்போது நம் கண்தான் பரிசோதனைக்கூடம். முதல் நாள் மயக்க மருந்தால் சோர்ந்து கிடக்கும், பரவாயில்லை. மறுநாள் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், பிறகு நாளுக்கு நாள் தெளிய வேண்டும். தெளிந்த நாய் மறுபடி சுருண்டு படுத்தால், வாந்தி எடுத்தால், தையலில் நாற்றமோ சீழோ கண்டால் தாமதிக்காதீர்கள். நாயின் உடம்புச் சூடு 38-லிருந்து 39 பாகை வரை இருப்பது சாதாரணம். நம் சூட்டோடு ஒப்பிடக் கூடாது. 39.5-ஐத் தாண்டி நின்றால் காய்ச்சல். ஈறு வெளுத்துப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பயப்பட வேண்டும். அந்த நிமிடமே புறப்படுங்கள்.

வலிக்கிறதே என்று பனடோலை நசுக்கிச் சோற்றில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் தந்த மருந்து மட்டும் போதும். தையலை நக்க விடக் கூடாது. கழுத்துப்பட்டை வாங்க முடியாவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ஆப்ரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தால் சி.ஆர்.பி. அதனாலேயே ஏறியிருக்கும், கணக்கு குழம்பும். ஆகவே உண்ணி இருந்ததைச் சொல்லிவிடுங்கள். செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்தைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகமிருந்தால், அதையும் மறைக்காதீர்கள். வார்ஃபரின் வகை மருந்து இரத்தத்தை உறையவிடாது, ஆப்ரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும்.

இரத்தம் எடுத்தால் எண்ணைக் கேட்டு, தேதியோடு அட்டையின் பின்னால் குறித்து வாங்குங்கள். வேறு கிளினிக்குக்குப் போக நேர்ந்தால் அந்த அட்டையைக் காட்டுங்கள். முதல் எண் தெரியாமல் இரண்டாவது எண்ணை வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.