விக்ஸ்பர்க்: இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு தளபதி

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-இல் மிசிசிப்பி ஆறு விக்ஸ்பர்க் நகருக்கு எதிரே கொண்டை ஊசி வளைவாகத் திரும்பியது. எவ்வளவு பெரிய கப்பலானாலும் அங்கே வேகம் குறைந்தாக வேண்டும். கிழக்குக் கரையின் உயரமான மேட்டில் பீரங்கிகள் அதற்காகவே காத்திருந்தன. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கையில் அந்தப் பேராற்றில் மிஞ்சியிருந்தவை விக்ஸ்பர்க்கும், தெற்கே போர்ட் ஹட்சனும், இவற்றுக்கு இடைப்பட்ட நீரும்தான். அவையும் போனால் டெக்சாஸ், ஆர்கன்சா, லூசியானாவின் பெரும்பகுதி ஆகியவை மற்ற தென் மாநிலங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும்.

வடக்குப் படையின் தளபதி யுலிசிஸ் கிராண்ட் முதலில் நிலவழியாக வந்து பார்த்தார். 1862 டிசம்பர் 20 அன்று தெற்கின் குதிரைப்படைத் தலைவர் வான் டோர்ன், ஹாலி ஸ்பிரிங்ஸில் இருந்த கிராண்டின் சரக்குக் கிடங்கை எரித்துவிட்டார். ரயில் பாதையை நம்பி வந்த படை திரும்ப வேண்டியதாயிற்று. அதே மாதக் கடைசியில், விக்ஸ்பர்க்குக்கு வடக்கேயுள்ள சிக்கசா சதுப்பில் கிராண்டின் கீழிருந்த தளபதி ஷெர்மன் மோதி, 1,700-க்கும் அதிகமானவர்களை இழந்தார்.

குளிர்காலம் முழுவதும் தோண்டலும் துழாவலுமாகப் போயிற்று. வளைவின் கழுத்தை வெட்டிக் கால்வாய் அமைத்தால் நகரைத் தொடாமலே கப்பல்களை அனுப்பலாம் என்று திட்டம். ஆறு பெருகி வந்து வேலையை மூழ்கடித்தது. நோயில் வீரர்கள் செத்தார்கள். (1876-இல் ஆறு தானாகவே அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டு போய், விக்ஸ்பர்க்கைக் கைவிட்டது. கிராண்ட் 13 ஆண்டு காத்திருந்தால் போதும்!)

ஷெர்மன் சொன்ன யோசனை, மெம்பிஸுக்குத் திரும்பி மறுபடி ரயில் பாதை வழியே வரலாம் என்பது. போர்ப் பாடப்படி அது சரி. ஆனால் பின்வாங்கியதாகச் செய்தி பரவினால் ஏற்கெனவே போரில் சலித்திருந்த வடக்கு இன்னும் சோர்ந்துவிடும் என்று கிராண்ட் கணக்கிட்டார். மேற்குக் கரையோரமாகப் படையைத் தெற்கே நடத்திச் சென்று, நகருக்குக் கீழே ஆற்றைக் கடப்பதென்று முடிவு செய்தார். படை நடந்து போகலாம். ஆற்றைக் கடக்கக் கப்பல் வேண்டுமே? அவை பீரங்கிகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஏப்ரல் 16 இரவு கடற்படைத் தளபதி போர்ட்டர் அதைச் செய்து காட்டினார். பஞ்சுப் பொதிகளையும் வைக்கோல் கட்டுகளையும் அரணாக அடுக்கிய கப்பல்கள் குண்டுமழைக்குள் புகுந்தன. ஒரே ஒரு சரக்குக் கப்பல்தான் எரிந்து போயிற்று.

விக்ஸ்பர்க்கின் பாதுகாப்பு ஜான் பெம்பர்ட்டன் பொறுப்பில் இருந்தது. வடக்கே பென்சில்வேனியாவில் பிறந்தவர்; மனைவியின் ஊரான வர்ஜீனியாவின் பக்கம் சேர்ந்தவர். அதனாலேயே அவரைத் தெற்கில் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவருடைய கண்ணைக் கட்ட கிராண்ட் இரண்டு வேலைகள் செய்தார். இசை ஆசிரியராக இருந்த கிரியர்சன், 1,700 குதிரை வீரர்களோடு டென்னசியிலிருந்து புறப்பட்டு, மிசிசிப்பி மாநிலத்தின் நடுவே தண்டவாளங்களைப் பெயர்த்தபடி பாட்டன் ரூஜ் வரை போய்ச் சேர்ந்தார். நகருக்கு வடக்கே ஷெர்மன் பெரிய தாக்குதல் வருவதுபோலப் பாசாங்கு காட்டினார். பெம்பர்ட்டனிடம் குதிரைப்படை குறைவு; இருந்ததும் கிரியர்சனைத் துரத்தப் போயிருந்தது.

கிராண்ட் குறிவைத்த துறை கிராண்ட் கல்ஃப். ஏப்ரல் 29 அன்று கப்பல்கள் மணிக்கணக்காகச் சுட்டும் அந்த அரண் அடங்கவில்லை. அன்றிரவு ஒரு கறுப்பினத்தவர், இன்னும் கீழே புருயின்ஸ்பர்க்கில் நல்ல துறை இருக்கிறது, அங்கிருந்து மேட்டுக்கு நல்ல பாதையும் உண்டு என்று சொன்னார். கிராண்ட் தம் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். சொன்னவரின் பெயரை எழுதவில்லை. மறுநாள் தொடங்கி 20,000-க்கும் அதிகமான வீரர்கள் எதிர்ப்பே இல்லாமல் அங்கே கரையேறினார்கள்.

போர்ட் ஹட்சனைத் தாக்க வடக்கின் இன்னொரு தளபதியான ஜெனரல் பேங்க்ஸோடு கிராண்ட் சேர வேண்டும் என்பதே வாஷிங்டனின் எதிர்பார்ப்பு. பேங்க்ஸோ வேறு பக்கம் போயிருந்தார். கிராண்ட் காத்திருக்கவில்லை. தலைமைத் தளபதி ஹாலெக் தடுப்பார் என்று அவருக்குத் தெரியும். தடை உத்தரவு வந்து சேர நாளாகும் என்பதும் தெரியும். மே 11 தேதியிட்ட அந்த உத்தரவு மே 17 அன்று, போர்க்களத்தில்தான் அவர் கைக்கு வந்தது. அதற்குள் திரும்பிப் போகும் கட்டம் தாண்டிவிட்டிருந்தது.

அவர் நேரே வடக்கே விக்ஸ்பர்க்குக்குப் போகாமல் வடகிழக்கே, மாநிலத் தலைநகர் ஜாக்சனுக்கும் விக்ஸ்பர்க்குக்கும் இடையிலான ரயில் பாதையை நோக்கிப் போனார். ஆற்றங்கரையிலிருந்து வந்த வண்டிகளில் ரொட்டி, காப்பி, உப்பு முக்கியம். இறைச்சியும் தீவனமும் வழியிலிருந்த பண்ணைகளில். வெடிமருந்து ஏற்றப் பண்ணையார்களின் அலங்காரக் குதிரை வண்டிகளையும் பிடித்துக்கொண்டார்கள். மே 14-இல் ஜாக்சன் விழுந்தது. முந்தைய நாள்தான் அங்கு வந்திருந்த தெற்கின் மூத்த தளபதி ஜோசப் ஜான்ஸ்டன், வடக்கே விலகிப் போய்விட்டார்.

பெம்பர்ட்டனின் அவதி இங்கேதான் உச்சத்துக்கு வந்தது. நகரை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்பது தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸின் கட்டளை. நகரை விட்டுவிட்டு வந்து என்னோடு சேர் என்பது ஜான்ஸ்டனின் கட்டளை. போதாக்குறைக்கு, ஜான்ஸ்டன் அனுப்பிய தூதர்களில் ஒருவன் வடக்கின் ஒற்றன். கடிதம் கிராண்டின் கைக்குப் போயிற்று. பெம்பர்ட்டன் அதிகாரிகளைக் கூட்டி ஆலோசித்தார். பலர் ஜான்ஸ்டனோடு சேரலாம் என்றார்கள். அவரோ இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றை எடுத்தார்: தென்கிழக்கே போய் கிராண்டின் சரக்குப் பாதையை வெட்டுவது. கிராண்டோ அந்தப் பாதையை மட்டும் நம்பி வாழவில்லை!

மே 16 காலை ஜான்ஸ்டனின் கட்டளை மறுபடி வந்தது. பெம்பர்ட்டன் இந்த முறை பணிந்து, படையைத் திருப்பத் தொடங்கினார். திரும்பிக்கொண்டிருக்கையில் சாம்பியன் ஹில்லில் கிராண்ட் வந்து மோதினார். தெற்குப் படையில் ஏறத்தாழ 3,800 பேர் மாண்டும் காயமுற்றும் பிடிபட்டும் போனார்கள். பெம்பர்ட்டனின் கீழிருந்த லோரிங்கின் படைப்பிரிவு முழுதாகப் பிரிந்து வேறு திசையில் போய்விட்டது. மறுநாள் பிக் பிளாக் ஆற்றிலும் தோல்வி; பெம்பர்ட்டன் விக்ஸ்பர்க்குக்குள் பின்வாங்கினார். கரையேறியது முதல் 17 நாளில் 5 சண்டைகள். ஐந்திலும் வென்றது கிராண்ட்.

அவரும் தவறாதவர் அல்ல. வெற்றி வேகத்தில் மே 19-லும் 22-லும் நகரின் அகழிகளை நேரடியாகத் தாக்கினார்; இரண்டாம் நாள் மட்டும் 3,000-க்கும் அதிகமான இழப்பு. பிறகே முற்றுகை. நகர மக்கள் மண்மேடுகளில் குகை வெட்டிக் குடியிருந்தார்கள். கோவேறு கழுதை இறைச்சி உணவாயிற்று. சுவரில் ஒட்டும் காகிதத்தில் பத்திரிகை அச்சானது. ஜூலை 4 அன்று, சுமார் 29,500 வீரர்களோடு பெம்பர்ட்டன் சரணடைந்தார். ஐந்து நாளில் போர்ட் ஹட்சனும் பணிந்தது.

கிராண்ட் வடகிழக்கே திரும்பியது தவறு என்று தாம் நினைத்ததாகவும், அவரே சரி, தாம்தான் தவறு என்றும் வடக்கின் அதிபர் லிங்கன் ஜூலை 13 அன்று கிராண்டுக்கு எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில் வடக்குப் படைகள் அனைத்துக்கும் கிராண்ட் தலைவரானார். பெம்பர்ட்டனுக்குப் படை தர யாரும் முன்வரவில்லை. அவர் தம் ஜெனரல் பதவியைத் துறந்து, பீரங்கிப் படையில் வெறும் லெப்டினன்ட் கர்னலாகப் போரின் இறுதிவரை பணியாற்றினார்.