கொல்லிமலையை ஒரு பிக்சல் நகர்த்திப் பாருங்க: பனியாறுகளை மேலிருந்து அளக்கும் விதம்

எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவில் ‘என்11 இ078’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. வடக்கு 11 முதல் 12 டிகிரி, கிழக்கு 78 முதல் 79 டிகிரி வரைக்குமான ஒரு சதுரம். சேலம், நாமக்கல், ராசிபுரம், ஏற்காடு, கொல்லிமலை எல்லாமே இந்த ஒரே சதுரத்துக்குள் அடக்கம். 3601 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 3601 எண்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 30 மீட்டர் கட்டத்தின் உயரம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்தது. இலவசம்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்.

நம்ம பக்கம் பனியாறு கிடையாது. காவிரியும் மழையை நம்பி ஓடுற ஆறுதான். ஆனால் இமயமலையின் பனியாறுகளை எப்படி அளக்கிறார்கள், அதில் எங்கே ஏமாறுவோம் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஃபைலே போதும்.

(பத்திரிகைகளில் ‘பனிப்பாறை’ என்றே எழுதுகிறார்கள். கடலில் மிதப்பதற்கும் அதே சொல், மலையில் இருப்பதற்கும் அதே சொல். மலையில் மெதுவாக நகர்ந்து இறங்கும் பனிக்கட்டியை நான் பனியாறு என்றே எழுதுகிறேன்.)

முதல் வேலை, பனி எங்கே இருக்கு என்று எல்லை போடுவது. சாதாரணப் படத்தில் மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத குறு அலை அகச்சிவப்பில் பார்த்தால் கதை மாறிவிடும். பனி அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும், மேகம் பெரும்பாலும் வெளிச்சமாகவே நிற்கும். ஆகவே சிவப்பு ஒளி அளவை அந்த அகச்சிவப்பு அளவால் வகுத்தால், பனி இருக்கும் கட்டங்கள் மட்டும் பெரிய எண்ணாக எழும்பி நிற்கும். லேண்ட்சாட், சென்டினல்-2 படங்களில் இதைத்தான் செய்கிறார்கள். புதுப்பனி விழுவதற்கு முன்னால், செப்டம்பர்–அக்டோபர் படங்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று விழுந்த பனியும் பனியாறு கணக்கில் சேர்ந்துவிடும்.

கங்கோத்ரி மாதிரி இடங்களில் இது பாதிதான் வேலை செய்யும். அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. செயற்கைக்கோளுக்கு அது வெறும் பாறை. அங்கேதான் உயரத் தரவு கைகொடுக்கிறது. பக்கத்து மலைச்சரிவு செங்குத்து, கல் மூடிய பனியாறு ஓரளவு சமம். இரண்டும் சேரும் இடத்தில் சரிவு சட்டென்று மாறும். அப்படியும் கடைசியில் ஒரு மனுஷன் உட்கார்ந்து கோட்டைத் திருத்தித்தான் ஆகணும்.

பரப்பளவு சுருங்கியதா என்பதை விட, தடிமன் குறைந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. பழைய உயர வரைபடத்தைப் புதியதிலிருந்து கழித்தால் விடை வரணும். கேட்க எளிசு. இப்போ நம்ம ஃபைலுக்கு வருவோம். அதையே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒரே ஒரு பிக்சல் கிழக்கே நகர்த்திக் கழித்துப் பாருங்க. நாமக்கல் சமவெளியில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரும். கொல்லிமலையில் கிழக்கு பார்த்த சரிவெல்லாம் ‘உயர்ந்திருக்கும்’, மேற்கு பார்த்த சரிவெல்லாம் ‘தாழ்ந்திருக்கும்’. 30 டிகிரி சரிவில் இந்தப் பொய் வித்தியாசம் சுமார் 17 மீட்டர். மலை அசையவே இல்லை!

இமயமலைப் பனியாறுகள் இப்போது சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் மெலிகின்றன. அப்படியென்றால் ஒரு பிக்சல் பிசகு என்பது 34 வருஷ உருகலுக்குச் சமம். அதனால்தான் பனியே இல்லாத பாறைப் பகுதியை முதலில் கழித்துப் பார்த்து, அங்கே பூஜ்யம் வரும்வரை வரைபடத்தை நகர்த்திப் பொருத்துகிறார்கள். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரேடார் அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் சில மீட்டர் உள்ளே போய்த் திரும்பலாம். அதையும் திருத்தணும்.

இந்தக் கழித்தல் வேலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து பழைய தரவு கிடைத்தது. அமெரிக்காவின் ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோள்கள் 1970களில் ஃபிலிமில் படம் எடுத்து, பாராசூட்டில் கீழே போட்டவை. ரகசியம் நீங்கிய பிறகு அந்தப் படங்களிலிருந்து உயர வரைபடம் உருவாக்கி, சுமார் 650 பனியாறுகளை அளந்தார்கள். 2019இல் வெளியான முடிவு: 2000க்குப் பிறகு பனி இழப்பு, அதற்கு முந்தைய கால் நூற்றாண்டை விட இரண்டு மடங்கு.

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சிக் கணக்கு என்று தோணலாம். 2021 பிப்ரவரி 7 காலையில் உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்து, 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பலர் தபோவன், ரிஷிகங்கா நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்தவர்கள். ‘பனிப்பாறை வெடித்தது’, ‘பனி ஏரி உடைந்தது’ என்றுதான் முதலில் செய்தி. செயற்கைக்கோள் படத்தில் உடைந்த ஏரி எதுவும் இல்லை. ரோண்டி சிகரத்தின் வடக்குச் சரிவில் ஒரு கறுப்புத் தழும்புதான் இருந்தது. முன்னும் பின்னுமான உயர வரைபடங்களைக் கழித்ததில், சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்தது தெரிந்தது. ஏறக்குறைய 80 சதவீதம் பாறை, 20 சதவீதம் பனி.

மேட்டூர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு டி.எம்.சி. தண்ணீர் இல்லீங்க, பெரும்பாலும் கல். அது விழுந்த உயரம் சுமார் 1,800 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து சேர்வராயன் உச்சி இருக்கும் உயரத்தை விட அதிகம். அந்த உரசலின் சூட்டில் பனி கிட்டத்தட்ட முழுக்க உருகித் தண்ணீராகி, பாறையோடு சேர்ந்து சேறாகப் பாய்ந்தது.

ஏரி உடைந்ததா, மலை உடைந்ததா என்பது சொல் விளையாட்டு இல்லை. ஏரி என்றால் வளர்வதைப் படத்தில் பார்க்கலாம். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அப்படி ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தும் 2023 அக்டோபரில் உடைந்து, சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. ரோண்டியில் பார்த்திருக்க வேண்டியது ஒரு விரிசலை. அது சில வருஷங்களாகவே படங்களில் பதிவாகித்தான் இருந்தது, ஆனால் பேரழிவுக்குப் பிறகுதான் அங்கே தேடினார்கள். ஏரிகளுக்காவது பட்டியல் இருக்கிறது. இமயமலையின் எல்லாச் சரிவுகளிலும் விரிசல் தேடுவது யாருடைய வேலை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ரோண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘என்30 இ079’ ஃபைலைத் திறக்கலாம். செங்குத்தான பகுதிகளில் ரேடார் நிழல் விழுந்து, இட்டு நிரப்பிய எண்கள் இருக்கலாம், கவனம். மற்றபடி அது 2000ஆம் வருஷத்து மலை. பெயர்ந்து போன துண்டு அதில் இன்னும் விழாமல்தான் நிற்கிறது.