சிற்றொளியில் இயங்கும் சிறு கருவிகள்

காஞ்சி மாநகரின் பட்டு அங்காடிகளில் சேலையின் விலையைக் கணக்கிடும் கால்குலேட்டரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதன் தலைப்பகுதியில் கருமையாய்ப் பளபளக்கும் சிறு பட்டையை உற்று நோக்கியவர் சிலரே. வெளிச்சத்தையே உணவாகக் கொள்ளும் ஒளிமின்கலம் அது.

ஒளி படும்போது சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-இல் சிலிக்கனால் செய்த கலம், தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கை மின்சாரமாக்கியது. 1980-ஐ ஒட்டி, படிக வடிவற்ற சிலிக்கனை மெல்லிய படலமாகப் பூசிய கலங்கள் ஜப்பானியக் கால்குலேட்டர்களில் இடம்பெற்றன.

நண்பகல் வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். குழல்விளக்கு எரியும் அறையிலோ சில நூறு லக்ஸே. இத்தகைய மங்கிய ஒளியில், மாடியில் வைக்கும் படிகச் சிலிக்கன் கலத்தின் திறன் பெரிதும் குன்றும். படலக் கலமோ விளக்கொளியை நன்கு ஈர்த்துக்கொள்ளும். கால்குலேட்டருக்கு வேண்டுவதும் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆதலால் தறி போட்ட கூடத்தின் விளக்கொளியே அதற்குப் போதுமானது. மின்விசிறியை இவ்வாறு சுழற்ற இயலாது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் பர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது. அங்குச் செய்யப்படும் பெரிய தகடுகளிலும் மெல்லிய படலமே உள்ளது. ஆனால் அது காட்மியம் டெலூரைடு என்னும் வேறு பொருள்.

இதில் குடும்பத்தார் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒளியால் மட்டுமே இயங்கும் கருவிக்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் பட்டை இருப்பதனாலேயே பேட்டரி இல்லை என எண்ணிவிடலாகாது. பட்டையைத் துணியால் நன்கு மூடிச் சிறிது நேரம் காத்திருங்கள். எண்கள் மறையாவிடில், உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கிறது என்றே கொள்க.

அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண் உண்டாகக்கூடும். வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதே. ஆகவே மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குவோம். ஒளி ஒன்றே போதும் என்னும் கருவி கிடைக்குமாயின், அதையே நம் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.