உஷார்! ஸ்டியரிங் டப்பாவில் பிரேக் ஒயில் ஊற்றாதீர்கள்

வாசலில் வேனைக் கழுவிவிட்டு, அப்படியே போனட்டைத் திறந்து, ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கிறதென்று கையில் கிடைத்த போத்தலைச் சரிக்கப் போகும் நிந்தவூர்த் தம்பிமாரே, காக்காமாரே, கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது?

டொட் 3, டொட் 4 என்றிருந்தால் அது பிரேக் ஒயில். மூடி வையுங்கள். பவர் ஸ்டியரிங்கின் சீல்கள் கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர். பிரேக் ஒயிலோ கிளைக்கோல் வகை. அது பட்டால் அந்த ரப்பர் ஊதி இளகும், கசிவு தொடங்கும். பிறகு பம்பையும் ஸ்டியரிங் ரெக்கையும் கழற்ற வேண்டியதுதான்.

இதைவிடப் பயங்கரம், மாறி நடப்பது. பிரேக் டப்பாவும் ஸ்டியரிங் டப்பாவும் ஒரே போனட்டுக்குள்தான் இருக்கின்றன. ஸ்டியரிங் ஒயில் கொஞ்சம் பிரேக் டப்பாவில் விழுந்தாலும் பிரேக் சீல்கள் வீங்கிவிடும். பிரேக் இறுகிப்போகலாம், மிதித்தும் பிடிக்காமல் போகலாம். காரைதீவுச் சந்தியில் பஸ் திரும்பும் நேரத்தில் அப்படி நடந்தால்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய டொல்பின், டவுன்ஏஸ் வேன்களைக் கட்டிக்காத்தவர்களின் சிக்கனம் எனக்குப் புரிகிறது. அந்தச் சிக்கனத்தை ஒயிலில் மட்டும் காட்டாதீர்கள். டப்பா மூடியிலோ கையேட்டிலோ சொன்ன வகையையே வாங்குங்கள்.

ஸ்டியரிங் ஒயிலை மாற்றுவதென்றால், எஞ்சினை நிறுத்தி, சுத்தமான சிரிஞ்சியால் டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சுங்கள். புதியதைக் கோடு வரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கடைசிவரை திருப்பி அப்படியே பிடித்திருக்காதீர்கள். சில நாள் விட்டு மறுபடியும் இதையே செய்தால் நிறம் தெளியும். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு வடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஒயில் தீர்ந்தால் பம்ப் வறண்டு சுற்றித் தேய்ந்துபோகும். பெற்றோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் சீலும் கெடும், சூட்டில் தீயும் பிடிக்கலாம். வடித்த ஒயிலை வளவு மணலில் கொட்டாதீர்கள், கிணறு பக்கத்திலேயே இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஸ்டியரிங்கின் அழுத்தக் குழாயை அடிக்கடி பாருங்கள், உப்புக்காற்று இரும்பை அரிக்கும். ஈரம் கண்டால், எஞ்சின் ஓடும்போது விரலால் தடவ வேண்டாம். ஊசித் துளையில் சீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேகன் ஆர், அக்குவா வைத்திருப்பவர்களே, உங்கள் ஸ்டியரிங் மின்மோட்டாரில் வேலை செய்கிறது. அதற்கு ஊற்ற ஒயிலே கிடையாது. டப்பா தேடிப் பிரேக் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்.

மாறி ஊற்றிவிட்டீர்களா? சாவியைத் திருப்ப வேண்டாம், பிரேக்கை மிதிக்கவும் வேண்டாம். கராஜுக்கு ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வாசலுக்கே கூப்பிடுங்கள். எந்த ஒயில், எந்த டப்பாவில், எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.