ஓட்டையில ஒளிஞ்சிருக்கு மெமரி!

எலவனாசூர்கோட்டையில் வீடு, கள்ளக்குறிச்சியில் காலேஜ். தினம் பஸ்ஸில் போய்ட்டு வர்றதுலயே பாதி எனர்ஜி காலி... இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க பாஸ். உங்க கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான்! மெமரி ஒரு ஊர்ல, பிராசஸர் இன்னொரு ஊர்ல. சின்னக் கணக்குக்குக்கூட டேட்டா அங்கேயும் இங்கேயும் அலையணும். ஏ.ஐ. தின்கிற கரன்ட்டில் நிறைய இந்த அலைச்சலுக்கே போகுது. நம்ம மூளையோ சுமார் 20 வாட்டில் சினிமா பாட்டையும் செமஸ்டர் சிலபஸையும் சேர்த்தே சமாளிக்குது. (சிலபஸ் விஷயத்தில் கொஞ்சம் டவுட்தான்!) அங்கே நினைவும் கணக்கும் ஒரே வீட்டில்.

அந்த வித்தையை எலெக்ட்ரானிக்ஸுக்குக் கொண்டு வர்ற ஆசாமிதான் 'மெம்ரிஸ்டர்'. 1971-ல் லியோன் சுவா பேப்பரில் போட்ட கணக்கு, 2008-ல் ஹெச்.பி. லேபில் ஸ்டான்லி வில்லியம்ஸ் டீம் செஞ்சு காட்டிச்சு. கல்வராயன் மலை ஒத்தையடிப் பாதையில் ஆள் நடக்க நடக்கத் தடம் தெளியுமில்லையா? அப்படித்தான். எந்தப் பக்கம் எவ்வளவு கரன்ட் போச்சோ, அதுக்கேத்தபடி ரெசிஸ்டன்ஸ் மாறும். ஆஃப் பண்ணினாலும் அந்தத் தடம் அழியாது.

இதையே அணு கனத் தகட்டில் செய்யலாமா? 2004-ல் கைமும் நோவோசெலவும் சாதாரண ஒட்டு டேப்பால் கிராஃபீனை உரிச்செடுத்தாங்களே (2010-ல் நோபல்!), அதேபோல அடுக்கடுக்கா உரியுற மாலிப்டினம் டைசல்ஃபைடுதான் இதில் ஹீரோ. ஓர் அடுக்கின் கனம் ஒரு நானோமீட்டருக்கும் கீழே. இவ்வளவு மெல்லிசில் கரன்ட் கசிஞ்சிடும், நினைவு நிக்காதுன்னு நினைச்சிருந்தாங்க. நிக்கும்னு 2018-ல் டெக்சாஸ் பல்கலையின் தேஜி அகின்வாண்டே டீம் காட்டிச்சு. எப்படின்னா... தகட்டில் கந்தக அணு விட்டுப்போன ஓட்டையில் ஒரு தங்க அணு வந்து உட்கார்ந்தா கரன்ட் தாராளமாப் பாயும். எழுந்து போனா குறையும். குறையே வேலை செய்யுது!

பக்கத்து பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சும்மா இல்லை. ஸ்ரீதோஷ் கோஸ்வாமி டீம் 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மெம்ரிஸ்டரில் சுமார் 16,500 நிலைகள். (இது 2டி தகடு இல்லை, மூலக்கூறுப் படலம்.) குறுக்கும் நெடுக்குமா கம்பி ஓட்டி, சந்திப்புகளில் மெம்ரிஸ்டர் வெச்சா ஓம் விதி பெருக்கும், கிர்ச்சாஃப் விதி கூட்டும். ப்ளஸ் டூவில் மனப்பாடம் பண்ணின அதே விதிகள்!

சிக்கல், ஒரு செல் மாதிரி இன்னொரு செல் நடந்துக்க மாட்டேங்குது. அதைச் சரிபண்ண பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஆளுங்க வேணும். பி.எஸ்சி. படிச்சுட்டு 'சாஃப்ட்வேர் கிடைக்கலையே'ன்னு புலம்புறவங்க கவனிக்க: பிப்ரவரியில் நடக்கிற 'ஜாம்' தேர்வு வழியா ஐ.ஐ.எஸ்சி. இன்டகிரேட்டட் பிஹெச்.டி.க்குப் போகலாம். அப்ளிகேஷன், முந்தின வருஷம் செப்டம்பர் வாக்கிலேயே வந்துடும்.